முடிவு தெரிந்த பிறகும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன; அதனால் என் மகள்தான் அதை வாசித்துக் காட்டினாள். துப்பறியும் நாவல் என்பது ஒருமுறை பிழிந்த கரும்பு, கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது சக்கைதான் என்று நீங்கள் எழுதியிருந்த இடம் வந்ததும், அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பதில் இவ்வளவு தாமதமானதற்குக் கண் பாதிக் காரணம், அந்த வரி மீதிக் காரணம். வெறுமனே மறுத்து எழுதுவதைவிட, முடிவு நன்றாக நினைவில் இருக்கும் பழைய புத்தகங்களை மட்டும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். உங்கள் பேத்தியும் இப்போது இந்தக் கதைகளில் இறங்கிவிட்டாள், என் கடிதங்களையும் விடாமல் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தீர்கள். ஆகவே குற்றவாளி யாரென்பதை எங்கும் உடைக்காமல் எழுத முயல்கிறேன்.

முதலில் உங்கள் கட்சிக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். ஜான் டிக்சன் கார் 1935-இல் எழுதிய 'தி ஹாலோ மேன்' நாவலை இளமையில் நாம் இருவரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம் அல்லவா? பூட்டிய அறைக்குள் ஒரு கொலை, பனி மூடிய தெருவின் நடுவே காலடித் தடமே இல்லாமல் இன்னொரு கொலை என்று அது தொடங்கும் விதம் இன்றும் மிரட்டத்தான் செய்கிறது. ஆனால் வித்தை எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு பாத்திரமும் அந்த வித்தைக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்திய மரப்பொம்மையாகத் தெரிகிறது. பதினேழாம் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. அங்கே துப்பறிவாளர் டாக்டர் ஃபெல், நாம் ஒரு துப்பறியும் கதைக்குள்தான் இருக்கிறோம், இல்லையென்று பாசாங்கு செய்து வாசகரை ஏமாற்ற வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பூட்டிய அறைக்குள் கொலை செய்யும் வழிகளை வகைபிரித்துப் பாடம் நடத்துகிறார். அதற்காகப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சக்கைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' விஷயத்தில் நீங்கள் சொல்வது தலைகீழ். 1926-இல் அது வெளியானபோது, இது ஏமாற்று வேலை என்று கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கிறிஸ்டி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது உறைக்கிறது. அக்ராய்டின் அறைக்குக் கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு. கதையைச் சொல்லும் டாக்டர் அவரிடம் விடைபெற்றுக் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, கடிதம் அப்போதும் படிக்கப்படாமலே இருந்தது. கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி, செய்ய வேண்டியது ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அவர் ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான், மூன்றே வாக்கியங்கள். முதல் வாசிப்பில் ஒரு மனிதர் அறையை விட்டு வெளியேறும் சாதாரணக் காட்சியாகக் கடந்துபோகும் அந்த இடத்தில், என்னிடம் உள்ள பழைய பிரதியின் ஓரத்தில், எனக்கு முன் படித்த யாரோ பென்சிலால் 'அட!' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவர் கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, மீண்டும் இந்த இடத்தைத் தேடி வந்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர் வேறொருவர் இல்லை. (அதே நாவலில் துப்பறிவாளர் பாய்ரோ ஓய்வு பெற்று, பூசணி இனத்துக் காய்களைப் பயிரிட்டுக்கொண்டிருப்பதும், எரிச்சலில் ஒரு காயைப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி எறிவதும் கிறிஸ்டிக்கு நம் பழமொழி தெரிந்திருந்ததோ என்று எண்ண வைக்கின்றன.)

அந்தச் சண்டையில் கிறிஸ்டியின் பக்கம் நின்றவர் இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான டோரதி சேயர்ஸ். 1930-இல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கிய டிடெக்ஷன் கிளப்பில் முன்னணியில் இருந்தவரும் அவரே. முக்கியமான தடயம் எதையும் வாசகரிடம் மறைக்க மாட்டோம் என்பது அங்கே சேருபவர்கள் செய்ய வேண்டிய சத்தியம். மறு ஆண்டே அவர் 'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்' எழுதினார். அதில் ஓவியரின் பிணம் கிடந்த இடத்தில் ஒரு பொருள் காணாமல் போயிருப்பதை அவருடைய துப்பறிவாளர் பீட்டர் விம்சி கண்டுபிடிக்கிறார். எதைத் தேட வேண்டும், ஏன் தேட வேண்டும் என்று காவல் அதிகாரியிடம் அவர் சொல்கிறார். நம்மிடமோ, அறிவுள்ள வாசகர் தாமே ஊகித்துக்கொள்வார் என்பதால் அந்த விவரம் இந்தப் பக்கத்தில் விடப்படுகிறது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு மட்டும் வருகிறது. சவாலாகத்தான் செய்கிறார், தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு இன்றும் முகம் சுளிக்கிறது. பிறகு வரும் ரயில் கால அட்டவணைகளை இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு படிக்க நான் தயாராக இல்லை, பாதியில் மூடிவிட்டேன்.

உங்களுக்கு என் உண்மையான பதில் வில்கி காலின்ஸிடம் இருக்கிறது. 'தி மூன்ஸ்டோன்' 1868-இல் பத்திரிகைத் தொடராக வந்தது. 1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளை போன ஒரு வைரம், அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் பிறந்தநாளன்று அவள் கைக்கு வந்து அன்றிரவே காணாமல் போகிறது. அந்த வீட்டில் ரோசன்னா ஸ்பியர்மன் என்றொரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். முன்பு திருடிச் சிறை சென்றவள், ஒரு தோள் மற்றதைவிடப் பெரிதாக இருந்தவள். முதல் முறை படித்தபோது நான் அவளைக் காவல்காரன் போலக் கவனித்தேன்: ஏன் அங்கே வந்து தங்கியிருக்கும் ஃபிராங்க்ளின் பிளேக்கின் வழியில் அடிக்கடி வந்து நிற்கிறாள், ஏன் தனியே புதைமணல் பக்கம் போகிறாள், எதை ஒளிக்கிறாள் என்று. இம்முறை அதே காட்சிகளில் அவளுடைய வேதனையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை பேச வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் என்று புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சார்ஜென்ட் கஃப் விசாரணைக்கு வந்த இடத்தில், ரோஜாச் செடியை ஒட்டுக் கட்டுவது பற்றித் தோட்டக்காரருடன் வாதம் செய்வதும், அந்த வீட்டின் முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ் எதற்கெடுத்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் பிரித்துக் குறி பார்ப்பதும் துப்புத் துலங்க ஒரு துளியும் உதவுவதில்லை, ஆனால் நாற்பது ஆண்டுகளாக எனக்கு மறக்காதவை அவைதான். திருடன் யாரென்பது தெரிந்திருந்ததால் அவசரமில்லாமல் இவர்களோடு இருக்க முடிந்தது.

ஃபிரான்சிஸ் ஐல்ஸ் 1931-இல் எழுதிய 'மாலிஸ் அஃபோர்தாட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனைவியைக் கொல்வதென்று டாக்டர் பிக்லி முடிவெடுத்துப் பல வாரங்கள் கழித்துத்தான் காரியத்தில் இறங்கினார் என்று முதல் வாக்கியத்திலேயே குட்டை உடைத்துவிட்டு, கடைசி வரை நம்மை எழுந்திருக்கவிடாமல் உட்கார வைக்கிறார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அது முதல் வரியிலேயே சக்கையாகியிருக்க வேண்டும்.

கண் தெளியும் முன் மகள் வாசிக்கக் கேட்டது ஜோசஃபின் டேயின் 'தி டாட்டர் ஆஃப் டைம்'. கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் இன்ஸ்பெக்டர் கிராண்ட், இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் உருவப்படத்தைப் பார்த்து, இவனா அண்ணன் பிள்ளைகளைக் கொன்றவன் என்று சந்தேகித்து, படுத்த படுக்கையிலேயே பழைய வழக்கைத் தோண்டுகிறார். நானும் கூரையைப் பார்த்துக் கிடந்தபடியே கேட்டதால் சுவை கூடியது. ரிச்சர்டைக் கொலைகாரனாகக் காட்டி வரலாறு எழுதிய தாமஸ் மோர், ரிச்சர்டு அரியணை ஏறியபோது சிறுவன், அவர் எழுதியது கேள்விப்பட்ட கதைதான் என்று கிராண்ட் மடக்கும் இடம் அருமை. ஆனால் எதிர்த்தரப்பின் சாட்சிகளை உலுக்கும் அளவுக்குத் தன் தரப்பை அவர் உலுக்குவதில்லை. 2012-இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த ரிச்சர்டின் எலும்புக்கூட்டில் முதுகெலும்பு வளைந்திருந்தது. அவனைக் கூனன் என்று பகைவர்கள் சொன்னது மிகைதான், ஆனால் முழுக் கட்டுக்கதை அல்ல. 1951-இல் எழுதிய டேக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் கிராண்ட் அதை எப்படிச் சமாளித்திருப்பார் என்று நானும் மகளும் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்ராய்ட் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். பேத்தி அதை இன்னும் படிக்கவில்லையென்றால் முதலில் அவளிடம் கொடுங்கள். எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் இடையே என்ன நடந்தது என்று அவள் நினைக்கிறாள் என்பதை, கடைசி அத்தியாயத்துக்குப் போகும் முன் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பென்சில் குறிப்பை அழித்துவிட வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்