ஓஎஸ்டி கோப்பை கட் பண்ணாதீர்கள்: கிளியரிங் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிமுனை, மண்ணடி, ராயபுரம் பக்கம் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் கிளியரிங் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் மெயிலில் வந்து குவிகின்றன. 128 ஜிபி எஸ்எஸ்டியில் அவுட்லுக்கின் ஓஎஸ்டி கோப்பே (சர்வரில் உள்ள மெயிலுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் நகல்) 40 ஜிபியைப் பிடித்துக்கொண்டால் சி டிரைவ் சிவப்பாகத்தான் செய்யும். உடனே யாராவது அதை கட் செய்து டி டிரைவில் போட்டுவிடுகிறார்கள். அவுட்லுக்கோ 'கோப்பு எங்கே?' என்று கேட்பதே இல்லை. பழைய இடத்திலேயே புதிதாக ஒன்றை உண்டாக்கி, சர்வரிலிருந்து மறுபடி இறக்க ஆரம்பிக்கிறது. சி மீண்டும் நிறைகிறது. டி-யில் கிடப்பது யாருக்கும் உதவாத பிணம்.

பிஎஸ்டி கோப்பின் கதை வேறு. அது சர்வரின் நகல் அல்ல, மெயிலைத் தனியே சேமித்து வைக்கும் கோப்பு. அவுட்லுக்கை மூடி, கோப்பை நகர்த்தித் திறந்தால் அது இடம் கேட்கும், காட்டினால் போதும். ஆனால் பாப் கணக்கில் (மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் வகை) பெரும்பாலும் அதுதான் ஒரே பிரதி. ஆகவே முதலில் காப்பி, சரிபார்த்தபின் அழிப்பு. எது உங்களுடையது என்பதை அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா ஃபைல்ஸ்' பக்கம் சொல்லிவிடும்.

ஓஎஸ்டியை நகர்த்துவதற்கு முன், நகர்த்தத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கு (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரில் இருப்பது) என்றால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் கணக்கைத் தேர்ந்து 'சேஞ்ச்' அழுத்தி, ஆஃப்லைன் மெயில் ஸ்லைடரை 3 மாதத்துக்கு இறக்குங்கள். பழைய மெயில் சர்வரில் பத்திரமாக இருக்கும். கோப்பு உடனே சுருங்கிவிடாது. 'காம்பாக்ட் நவ்' கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். டி டிரைவ் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அங்கே போன அவுட்லுக் ஆமை வேகத்தில்தான் திறக்கும், அதனால்தான் சொல்கிறோம்.

அப்படியும் போதவில்லையா? அவுட்பாக்ஸில் நிற்பதை அனுப்பிவிடுங்கள். ஐமேப் கணக்கில் (மெயில் சர்வரிலேயே தங்கும் இன்னொரு வகை) 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று காட்டும் காலண்டர், கான்டாக்ட்ஸ் சர்வரில் கிடையாது. அவற்றை பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதை மறந்தால் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் போச்சு. பிறகு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு) கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, அவுட்லுக் என்று இறங்கி, 'ஃபோர்ஸ்ஓஎஸ்டிபாத்' என்ற பெயரில் எக்ஸ்பாண்டபிள் ஸ்ட்ரிங் ஒன்றைச் சேர்த்து டி டிரைவ் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். பெயர் இடைவெளியில்லாத ஒரே சொல். இது ஏற்கெனவே இருக்கும் கணக்கை அசைக்காது. கண்ட்ரோல் பேனல், 'மெயில்' வழியாகப் புது புரொஃபைல் (அவுட்லுக்கின் கணக்குத் தொகுப்பு) போட்டு அதில் கணக்கைச் சேர்த்தால்தான் கோப்பு புது இடத்தில் பிறக்கும். (புதிய அவுட்லுக் செயலிக்கு இதெல்லாம் பொருந்தாது.)

அந்த ஃபோல்டரின் 'செக்யூரிட்டி' பக்கத்தையும் பாருங்கள். சி டிரைவில் உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டரை (ஓஎஸ்டி வழக்கமாக இருக்கும் இடம்) அதே கம்ப்யூட்டரின் மற்ற சாதாரண யூசர்கள் திறக்க முடியாது. டி-யில் புதிதாகப் போட்ட ஃபோல்டர் வழக்கமாக எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். பென் டிரைவ், நெட்வொர்க் ஷேர் இரண்டும் வேண்டாம். தொடர்பு ஒரு நொடி அறுந்தாலும் கோப்பு கெடக்கூடும்.

முதலாளிகளே, முழு மெயில்பாக்ஸும் மறுபடி இறங்கியாக வேண்டும். கப்பல் வந்து நிற்கிற நாளில் காலை பதினொரு மணிக்கு இதைச் செய்யச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கட்டும், யூபிஎஸ் ஓடட்டும். பழைய புரொஃபைலும் பழைய ஓஎஸ்டியும் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வடசென்னை அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பராமரிக்கும் சிலர்