குளிருக்கு நடுவே சிறு மகிழ்ச்சிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழைப் பிரித்தாலே போரும் விலைவாசியும் கண்ணில் படுகிற இந்நாட்களில், குளிரும் சேர்ந்துகொண்டு மனிதரை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது. இச்சோர்வு வெறும் கற்பனையன்று. வெளிச்சம் குறையும் பருவத்தில் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழுவினர் 1984ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விவரித்துள்ளனர்.

ஆகவே, காலையில் ஜன்னலோரம் விழும் ஒரு முழ வெயிலுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, சூடான கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, அவ்வெயில் தரையில் மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பதை நான் சோம்பல் என்று கருதுவதில்லை (வீட்டாரின் கருத்து வேறு). வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி 1885இல் நுண்ணோக்கி வழியே பனிப் படிகத்தைப் படமெடுக்கத் தொடங்கி, வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். பிறர் சலித்துக்கொண்ட பருவமே அவருக்கு அறுவடைக் காலமாயிற்று.

மேலும், வட அரைக்கோளத்தில் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள், டிசம்பர் 21ஐ ஒட்டிய மிகக் குறும்பகலுக்கு முன்பே வந்துபோய்விடுவதால், குளிர் முற்றுவதற்குள்ளேயே மாலைகள் நீளத் தொடங்கிவிடுகின்றன. தங்கள் இதழின் வானிலைப் பகுதியில் சூரிய அஸ்தமன நேரத்துடன், முந்தைய நாளைவிட அது எத்தனை நிமிடம் தள்ளிப்போயிற்று என்பதையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்