பொலிஷுக்கு மயங்காதே மச்சான்

ஹட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் நீ வாங்கப் பார்க்கிற பழைய பியானோவின் படமும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடுகிறதாக இல்லை. மகள் முதல் கிரேட் பாஸ் பண்ணிவிட்டாளாம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

துரை பங்களாச் சாமான், மெழுகுதிரி வைக்கிற பித்தளைக் கையெல்லாம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மனம் விழுந்துவிட்டது போல! 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததற்கு முந்திய பியானோ என்றால் குறைந்தது ஐம்பது வயது. பொலிஷை விடு. மேல் மூடியைத் திறந்து டோர்ச் அடித்து, கம்பிகளைச் சுற்றி முறுக்கியிருக்கிற இரும்புப் பின்களைப் பார். சுமார் 230 கம்பியும் சேர்ந்து 15 தொன்னுக்கு மேல் இழுக்கும். அத்தனையையும் பிடித்திருக்கிற பின்கள், இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் உள்ள மரத்தில் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கின்றன. அந்த மரம் வெடித்திருந்தால் காலையில் டியூன் பண்ணியது பின்னேரமே இறங்கிவிடும். விற்கிறவர்கள் சிலர் தளர்ந்த பின்னைச் சுத்தியலால் உள்ளே இறக்கி வைப்பதும் உண்டு. கம்பிச் சுருள் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றால் சந்தேகப்படு.

அப்புறம், போனில் டியூனர் ஆப்பைப் போட்டு நடு 'ஏ' கட்டையைத் தட்டு. 440 காட்ட வேண்டிய இடத்தில் 415 காட்டினால் அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று விடாதே, ஒரே மூச்சில் ஏற்றவும் சொல்லாதே. துருப்பிடித்த கம்பி அறுந்துவிடும். ஒரு பக்கம் ஏற்ற ஏற்றச் சவுண்ட் போர்ட், அதுதான் கம்பி அதிர்வைப் பெரிதாக்கும் மரப்பலகை, அமுங்கி, முதலில் ஏற்றிய பக்கம் இறங்கும். முதலில் பருமட்டாக ஒரு தடவை, பிறகு நிதானமாக ஒரு தடவை. இரண்டுக்கும் சேர்த்தே காசைப் பேசிக்கொள்.

டியூனர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார். நடுவில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. இரண்டை ரப்பர் ஆப்பால் அடைத்து ஒன்றைச் சரிபண்ணி, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். சேராதவரை 'வோவ் வோவ்' என்று ஒலி அலையும். அந்த அலைச்சல் நீண்டு நீண்டு நின்றுவிடும். நின்ற பிறகும் பின் அசையாதபடி அதை அமர்த்தி வைக்கிறாரா, அங்கேதான் ஆளின் கை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் டியூன் பண்ண அவசரப்படாதே, சில கிழமை இருக்கட்டும். உங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் சவுண்ட் போர்ட் காய்ந்து சுருதி இறங்கும், ஐப்பசி மழையில் ஊதி ஏறும். அதனால் வருடா வருடம் ஒரே மாதத்தில் பார்ப்பது நல்லது. இங்கே கோயில் பியானோவில் மே மாதம் வந்தாலே உள்ளே இருக்கிற ஃபெல்ட் என்ற கம்பளித் துணி ஈரத்தில் ஊறி, அழுத்திய கட்டை மேலே வராது. அடியில் மரத்தில் படாமல் ஒரு சின்ன பல்ப் எரியவிட்டிருக்கிறோம், பரவாயில்லை. கட்டை இறுகினால் யார் சொன்னாலும் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே.

விலையை இப்போதே முடிக்காதே. அடுத்த சனிக்கிழமை டியூனிங் திறப்போடு வருகிறேன். நாலைந்து பின்னைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்குவதற்குப் பலமான பொடியன்மார் ஆறு பேரைச் சொல்லி வை. லொறியில் நிமிர்த்தித்தான் கட்ட வேண்டும்.

அன்புடன்,
செல்வா