சோயா மெழுகுவர்த்தி மணக்கவில்லையா? எண்ணெயைக் கூட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சோயா மெழுகுவர்த்தி தயாரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான குறிப்பைப் படித்தேன். கானாடுகாத்தானில் நான்கு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருபவள் நான். குறிப்பு எளிமையாகவும் பயன்படும்படியும் இருந்தது. ஆனால் அதன் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 'மணம் குறைவாகத் தெரிந்தால் வாசனை எண்ணெயை இன்னும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்' என்று அதில் இருந்தது. முதல் ஆண்டில் நான் கைநட்டப்பட்டதில் பெரும்பகுதி இந்த எண்ணத்தை நம்பியதால் வந்ததுதான்.

இங்கே பழைய செட்டிநாட்டு வீடொன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்கள், விருந்தினர் அறைகளில் வைப்பதற்கு மல்லிகை மணத்தில் நாற்பது மெழுகுவர்த்திகள் கேட்டிருந்தார்கள். 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம் எண்ணெய், அதாவது நூற்றுக்கு எட்டு என்ற கணக்கில் ஊற்றி, மறுநாளே ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் மணம் தெரிந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி உருக்கி, எண்ணெயை 24 கிராமாக உயர்த்தி ஊற்றினேன். இரண்டு நாளில் மெழுகின் மேற்பரப்பில் எண்ணெய் வியர்வை போல முத்துமுத்தாகக் கோத்து நின்றது. கொளுத்தினால் திரி திணறிப் புகைந்தது. கண்ணாடி விளிம்பில் கரி படிந்தது. மணமோ முன்பைவிடவும் குறைவாக வந்தது. நாற்பதும் திரும்பி வந்தன. 'ஒரு கை சாம்பிராணி போட்டா தெருக்கோடி வரைக்கும் மணக்குமே, இதுக்கு ஏண்டி இம்புட்டுப் பாடு' என்று எங்கள் அப்பத்தா கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாம்பிராணியின் மணத்தைப் புகை சுமந்துகொண்டு போகிறது. மெழுகுவர்த்தியோ புகையவே கூடாது. அதன் மணம் சத்தமில்லாமல் ஆவியாகித்தான் அறைக்குள் பரவ வேண்டும்.

சோயா மெழுகு, பாரஃபின் போலப் பெட்ரோலியத்திலிருந்து வருவதன்று. சோயா எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பு அது. ஒருவகையில் வனஸ்பதிக்குப் பங்காளி. கண்ணாடிக் குவளையில் ஊற்றுவதற்கென்று விற்கப்படும் சோயா மெழுகுகளில் பெரும்பாலானவை நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு வரைதான் வாசனை எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஊற்றுவது மெழுகுக்குள் தங்காமல் வெளியே கசியும், அல்லது திரியை அடைக்கும். இந்தக் கணக்கும் எடைக் கணக்கே தவிர அளவுக் கணக்கு அன்று. பத்து மில்லி எண்ணெய் பத்துக் கிராம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதால், மூடியாலும் கரண்டியாலும் அளப்பதை விட்டுவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.

மணம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் திரிதான் என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். மணம் சுடரிலிருந்து வருவதில்லை; சுடருக்குள் போன எண்ணெய் எரிந்து வீணாகிவிடுகிறது. சுடரின் சூட்டில் அதைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகின் பரப்பிலிருந்து எழும் ஆவியே நமக்கு மணமாக வருகிறது. அந்த உருகிய பரப்பை எங்கள் வீட்டில் ஊருணி என்று சொல்லிச் சொல்லி இப்போது அதுவே பெயராகிவிட்டது. ஊருணி எவ்வளவு அகலமோ அவ்வளவு மணம். திரி சிறுத்திருந்தால் மெழுகு ஓரம் வரை உருகாமல் நடுவில் கிணறு போலக் குழிந்துகொண்டே போகும். ஓரத்தில் நிற்கும் மெழுகில் உள்ள எண்ணெய் முழுவதும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். அந்த நிலையில் எண்ணெயை எவ்வளவு கூட்டினாலும் என்ன ஆகிவிடப்போகிறது?

ஒரு நாள் ஒரே பாத்திரத்தில் உருக்கிய மெழுகை, ஏழு சென்டிமீட்டர் வாயகலமுள்ள மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, மூன்று வெவ்வேறு பருமனுள்ள பருத்தித் திரிகளை வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கொளுத்திப் பார்த்தேன். மெல்லிய திரியில் மூன்று மணி நேரம் கழித்தும் ஓரத்தில் ஒரு விரற்கடை மெழுகு உருகாமல் நின்றது. தடித்த திரியில் ஒன்றரை மணி நேரத்திலேயே எல்லாம் உருகிவிட்டது. ஆனால் சுடர் ஆடியது, திரியின் நுனியில் காளான் போலக் கரி திரண்டது, குவளையைக் கையால் தொட முடியவில்லை. நடுத்தரத் திரியில் மூன்று மணி நேரம் ஆவதற்குச் சற்று முன்பாக ஊருணி ஓரத்தைத் தொட்டது. ஆழம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மல்லிகை தெரிந்தது அந்த ஒன்றில்தான். எண்ணெய் மூன்றிலும் அதே எட்டுப் பங்கு. பாரஃபினுக்கு ஒத்துவந்த திரி சோயாவுக்குப் பெரும்பாலும் போதாது என்பதையும், மல்லிகைக்குச் சரியாக இருந்த திரி வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்க்குச் சரியாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணெயை மாற்றினால் திரியையும் மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு முறை கொளுத்தும் முன்பும் திரியை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரிப்பதும், முதல் முறை கொளுத்தும்போது மெழுகு ஓரம் வரை உருகிய பிறகே அணைப்பதும், வாங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய செய்திகள்.

எண்ணெயின் தன்மை குறித்தும் ஒரு சொல். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை குவளையைத் திறந்தவுடன் தூக்கலாக மணக்கும். எரியும்போது எளிதில் ஆவியாகிக் காணாமற்போகும். சந்தனமும் வெட்டிவேரும் மெதுவாக எழுந்து நெடுநேரம் நிற்கும். மல்லிகையைப் பொறுத்தவரை, ஒரு டன் பூவிலிருந்து கிடைக்கும் மெழுகுபோன்ற வாசனைச் சாறு ஒரு சில கிலோதான். ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'மல்லிகை எண்ணெய்' செயற்கைக் கலவை என்பதில் ஐயமில்லை. அதில் வெட்கப்படவும் எதுவுமில்லை. மெழுகுவர்த்திக்கென்றே தயாரித்த கலவை, இயற்கை எண்ணெயைவிடப் பல நேரங்களில் நன்றாகவே மணக்கிறது. குழப்பம் வருவது, உடலில் பூசவும் அறையில் தெளிக்கவும் நீர்த்து விற்கப்படும் எண்ணெயை இதற்கு வாங்கும்போதுதான். நான் முதலில் வாங்கிய கடையில், இது எதற்கான எண்ணெய் என்று கேட்டதற்கு, 'எல்லாத்துக்கும்தான்' என்ற பதில் கிடைத்தது. ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியத்தை மெழுகில் ஊற்றுவது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தும்கூட. மேலே அழகுக்குத் தூவும் காய்ந்த ரோஜா இதழும் அப்படியே; அது மணக்காது, தீப்பிடிக்கும்.

எண்ணெயைச் சூடான மெழுகில் சேர்த்தால் மணம் பறந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. புட்டியில் தீப்பற்று நிலை என்று குறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கு மேல் சூடு போகக் கூடாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நெருப்பு இருந்தால் எந்தச் சூட்டில் அந்த ஆவி பற்றிக்கொள்ளும் என்பதையே அந்த எண் சொல்கிறது. மணம் எப்போது பறக்கும் என்பதையன்று. ஆறிய மெழுகில் எண்ணெயை ஊற்றினால்தான் அது சரியாகக் கலக்காமல் அடியில் தங்குகிறது. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெயைச் சேர்த்து, நுரை எழாமல் இரண்டு நிமிடம் கிளறி, 55 முதல் 60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுவது என் வழக்கம்.

இத்தனையும் செய்த பிறகு பொறுமை வேண்டும். நெய் உறையும்போது மெதுவாக மணல் மணலாகத் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். சோயா மெழுகும் அப்படித்தான். மேலே கெட்டிப்பட்டுவிட்ட பிறகும் உள்ளே பல நாள் திரண்டுகொண்டே இருக்கும். ஒரே நாளில் ஊற்றியவற்றை இரண்டாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, பதினான்காம் நாள் ஒன்று எனக் கொளுத்திப் பார்த்தால், நாளாக ஆக மணம் கூடுவது சொல்லாமலே விளங்கும். விடுதிக்காரர்களுக்காக நான் முதலில் ஊற்றிய அந்த நாற்பதை உருக்காமல் இரண்டு வாரம் மூடிவைத்திருந்தால் அவை திரும்பி வந்திருக்க வாய்ப்பில்லை.

சோதிக்கும் இடமும் முக்கியம். எங்கள் பக்கத்து வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றம், வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அங்கே வைத்துக் கொளுத்திவிட்டு மணமில்லை என்று வருந்துவது நம் தவறே. பத்தடிக்குப் பத்தடி அறையில், மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திச் சோதிக்க வேண்டும். அதுவும் ஊற்றியவரின் மூக்கு காலை முதல் அதே மணத்தில் ஊறிப்போயிருப்பதால், வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பதே சரி. எங்கள் வீட்டில் அந்தப் பணி பால்காரருடையது.

மகளிர் குழுக்களுக்கு இத்தொழிலில் பயிற்சி தருபவர்கள், அச்சும் நிறமும் கற்றுத்தரும் நேரத்தில் பாதியையாவது திரிச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும் என்பதும், வாசனை எண்ணெய் விற்பவர்கள் அது மெழுகுவர்த்திக்கு ஏற்றதா, நூற்றுக்கு எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பதைப் புட்டியிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். தங்கள் நாளிதழும் அந்தக் கடைசி வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. அதற்காக ஆர்டர் எடுத்திருக்கும் பெண்கள் இந்த வாரத்துக்குள் ஊற்றினால்தான் இரண்டு வாரம் கிடைக்கும். என்னுடையவை நேற்றிரவே ஊற்றி முடிந்து, மூடி போட்டு, தேதி எழுதி, வெயில் படாத இரண்டாம் கட்டு அறையில் வரிசையாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.