பழைய இதழ்த் தொகுதிகளை மின்மயமாக்கும் ஒப்பந்த விதிகளில் மாற்றம் கோரும் மனு

அனுப்புநர்
வாசகர் வட்ட உறுப்பினர்கள்,
மாவட்ட மைய நூலகம்.

பெறுநர்
பொது நூலக இயக்குநர் அவர்கள்,
பொது நூலக இயக்ககம்,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: நூலகங்களில் பைண்டு செய்து வைத்துள்ள பழைய இதழ்களை மின்மயமாக்குதல் – பக்கக் கணக்கில் கூலி தரும் முறையை மாற்றி, ஒப்பந்தப்புள்ளியில் தர நிபந்தனைகள் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பக்கம்தான் வந்து சேரும், இதழ் வந்து சேராது. இந்த மனுவின் சாரம் அவ்வளவே. ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

மரக்கூழில் செய்து படிகாரம் சேர்த்த தாள், தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து ஒடிகிறது. நன்றாகப் பேணிய ஓலைச்சுவடி 200 ஆண்டுகளைத் தாண்டி நிற்கும். 80 ஆண்டு வயதான மலிவுத் தாள் ஒருமுறை மடித்தாலே உடைந்துவிடும். இத்தகைய தொகுதிகள் இன்னும் ஒரே ஒரு முறை முழுமையாகப் புரட்டப்படுவதைத் தாங்கினாலே அதிகம். எனவே அவசரமாக ஸ்கேன் செய்துவிட்டு, சரியில்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

முதல் சேதம் தட்டையான ஸ்கேனரில் நேர்கிறது. தொகுதியைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளக்கும். அழுத்தாவிட்டால் தையல் ஓரத்து எழுத்துகள் வளைந்து நிழலில் மறையும். இதைத் தவிர்க்கச் சிலர் பைண்டிங்கை வெட்டித் தனித்தனித் தாளாக்குகிறார்கள். வேலை விரைந்து முடியும், ஆனால் தொகுதி அத்தோடு போயிற்று. ஆகவே, தொகுதியை 100 முதல் 120 பாகை வரை மட்டும் திறந்து வைக்கும் தொட்டிலும், மேலிருந்து படமெடுக்கும் இரு கேமராக்களும் கொண்ட கருவியைக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் இருவர் தேவை: ஒருவர் புரட்ட, மற்றவர் திரையில் பக்க எண்ணைப் பார்க்க. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டு தாள் சேர்ந்து புரள்வதைக் கவனிக்க மாட்டார். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரிந்தால் பின்னால் கறுப்புத் தாள் வைத்து எடுக்க வேண்டும். அட்டையும் விளம்பரப் பக்கங்களும் விடுபடவே கூடாது. அச்சக முகவரி, சந்தா விவரம், அக்கால விலைகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

அடுத்தது, கோப்பைச் சிறிதாக்க வேண்டிப் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது. ஆங்கிலத்துக்கு இதனால் வரும் நட்டம் குறைவு. தமிழுக்கு இது ஆபத்து. ஈய எழுத்தில் மெய்யின் புள்ளி மிகச் சிறியது, தேய்ந்த அச்சில் மங்கியும் இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கும்போது அது மறைந்து ‘க்’ என்பது ‘க’ ஆகிறது. மறுபுறம், தாளில் உள்ள பழுப்புக் கறையோ பூச்சி அரித்த துளையோ ‘க’வின் தலையில் கறுப்பாக விழுந்து மெய்யெழுத்தாகிறது. வரிக்கு இப்படி ஒன்றிரண்டு வந்தாலும் பிறகு எந்த மென்பொருளும் அதை நம்பகமாகச் சரிசெய்ய இயலாது. மூலத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும், மூலமோ ஒடிந்திருக்கும்.

ஆதலால் மூலப் படம் அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில், முழு வண்ணத்தில், சுருக்கத்தில் விவரம் எதையும் இழக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக இருக்க வேண்டும். வாசகர்களுக்கான பிடிஎஃப் இதிலிருந்து எடுக்கப்படும் நகலே. ஐந்தரைக்கு எட்டரை அங்குலமுள்ள டெமி பக்கம் ஒன்று சுருக்காமல் சுமார் 22 எம்பி வரும். 600 பக்கத் தொகுதி 13.5 ஜிபி, அத்தகைய 500 தொகுதிகள் சுமார் 6.7 டிபி. மூன்று பிரதிகளுக்கு 20 டிபி. இன்றைய ஹார்டு டிஸ்க் விலையில் இது பெரிய செலவன்று. ஒரு பிரதியேனும் வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பதிந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட வேண்டும். ஒப்பந்ததாரர் தந்த டிஸ்க்கை பீரோவில் பூட்டி வைப்பதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது.

தேடுதலில் உள்ள சிக்கல்கள் வேறு வகை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான லை, ளை, ணை, னை, ணா, றா, னா முதலியவை பழைய வடிவில் இருக்கும். புதிய எழுத்துருக்களில் மட்டும் பழக்கிய எழுத்துணரி (படத்தில் உள்ள அச்சைத் தேடத்தக்க உரையாக மாற்றும் மென்பொருள்) இவற்றைத் தவறாகவே படிக்கும். டெசராக்ட் போன்ற திறந்த மூல எழுத்துணரியைப் பழைய அச்சின் மாதிரி வரிகளைக் கொடுத்துப் பழக்கலாம். அதற்கான திருத்திய வரிகளை ஒப்பந்ததாரர் இயக்ககத்திடம் ஒப்படைக்க வேண்டும். தமிழ் எண்கள் இன்னொரு பொறி. 1935 என்ற ஆண்டு எழுத்துணரியில் ‘ககூஙரு’ என்று வரும். அதை எவரும் தேடப் போவதில்லை. யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். ‘ஸ்ரீ’யை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகே பதிவேற்ற வேண்டும்.

பட்டியல் விவரத்தை டேட்டா என்ட்ரி வேலையாக மட்டும் கருதக் கூடாது. ‘பிரபவ, தை’ என்று மட்டும் போட்ட இதழ் எந்த ஆண்டு? பிரபவ 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது, 1987-இலும் வந்தது. இதழின் உள்ளே பார்த்து 1927-இல் தொடங்கியதே என்று தெரிந்தாலும், தை மாதம் 1928 ஜனவரியில்தான் விழும். அச்சில் உள்ளதை அப்படியே பட்டியலின் ஒரு நெடுவரிசையிலும், ஆங்கில ஆண்டு மாதத்தை இன்னொரு நெடுவரிசையிலும் பதிய வேண்டும். ஆசிரியர் பெயருக்கும் அவ்வாறே: சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. மூன்றும் ஒருவரிடமே போய்ச் சேர வேண்டும். தொகுதிக்கு ஒரு பதிவு போதாது. இதழுக்கு ஒன்று வேண்டும், கட்டுரைத் தலைப்புகளும் வந்தால் நல்லது. பணி தொடங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் ஒப்பிட்டு, எங்கும் இல்லாத இதழ்களை முதலில் எடுக்கலாம்.

வெறும் படமாக உள்ள பிடிஎஃப், பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு வெற்றுத்தாள். எழுத்துணரியின் உரை அதனுள் இருந்தே ஆக வேண்டும். பதிப்புரிமை இதற்குத் தடையன்று: பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் லாபநோக்கின்றி மாற்றித் தர நூலகங்களுக்கு இடமளிக்கிறது. பொது வாசகர்களுக்குத் திறப்பதில்தான் கவனம் வேண்டும். உரிமைக் காலம் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்பதால், ஓர் இதழுக்குள்ளேயே கட்டுரைக்குக் கட்டுரை நிலைமை மாறும். ஐயமுள்ளவற்றை நூலகக் கணினியில் மட்டும் படிக்க வைக்கலாம். அதைக் காரணம் காட்டி ஸ்கேன் செய்வதையே தள்ளிப்போட வேண்டாம்.

இவை எல்லாம் நடக்கக் கூலி முறை மாற வேண்டும். தொகுதி வாரியாகத் தொகை நிர்ணயித்து, அதில் மூன்றில் ஒரு பங்கையேனும் சரிபார்ப்பு முடிந்த பின்னரே விடுவிக்க வேண்டுகிறோம். சரிபார்ப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்கக் கூடாது. தொகுதியின் எல்லாப் பக்க எண்களையும் வரிசையாகப் பார்த்து, நூற்றுக்கு ஐந்து பக்கங்களை முழு அளவில் திறந்து படித்து, விடுபட்ட பக்கம் ஒன்று இருந்தாலும் தொகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றாடப் பணிகளோடு நூலகர் இதையும் சுமக்க முடியாது. மாவட்டத்துக்கு ஒருவரை இதற்கென்றே நியமித்து, ஊதியத்தைத் திட்டச் செலவிலேயே சேர்க்கலாம்.

தமிழ் ஆண்டு மாதங்களை ஆங்கிலத் தேதிக்கு மாற்றிச் சரிபார்க்கும் வேலையை எங்கள் வாசகர் வட்டம் ஊதியமின்றிச் செய்து தரும். பட்டியலை யூனிகோடு விரிதாளாக அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)