ஒரு புள்ளிக்காக ஓர் ஊரின் தண்ணீர்

வட்டாரங்களுக்கு இடம் காட்டும் கருவியை உருவாக்கிப் பராமரித்துவரும் குழுவினருக்கு,

வணக்கம்.

சிவிலைசேஷன் 6 என்ற கணினி உத்தி விளையாட்டை ஏஐ முகவரிடம் ஒப்படைத்து ஆடவைக்கும் எங்களில் பலர், ஊரைச் சுற்றி எழுப்பும் வட்டாரங்களை எந்தக் கட்டத்தில் வைக்கலாம் என்று மதிப்பிட்டுக் காட்டும் உங்கள் கருவியை நம்பியிருக்கிறோம். அது வருவதற்கு முன் முகவர் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். வரைபடம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை, எண்களாக வந்து சேர்கிறது. அறுகோணக் கட்டத்தின் ஆறு அண்டைகளை ஒற்றை வரிசையில் ஒரு விதமாகவும் இரட்டை வரிசையில் வேறு விதமாகவும் கணக்கிட வேண்டும். அதில் தடுமாறி, மலையே இல்லாத இடத்தில் மலையடிவாரக் கேம்பஸ் (அறிவியல் புள்ளி தரும் வட்டாரம்) கட்டிய நாட்கள் உண்டு. அந்தத் தடுமாற்றத்தை நீங்கள் தீர்த்துவைத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன்.

சென்ற வாரம் எங்கள் முகவர் ஆறும் ஏரியும் இல்லாத இடத்தில் மூன்றாவது ஊரை அமைத்தது. நன்னீர் இல்லாததால் குடியிருப்பு (ஊரில் எவ்வளவு மக்கள் வாழலாம் என்ற அளவு) 2தான். மலை இருந்ததால் வழியும் இருந்தது: பொறியியல் என்ற தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் மலையிலிருந்து தொட்டிப்பாலம் (ஊருக்கு நீர் கொண்டுவரும் வட்டாரம்) கட்டினால் அந்த அளவு 2இலிருந்து 6 ஆக உயரும். தொட்டிப்பாலம் ஊர் மையத்தையும் மலையையும் ஒருசேரத் தொட வேண்டும். அப்படிப்பட்ட கட்டங்கள் அங்கே மூன்று. ஒன்றில் வெள்ளி, மற்றொன்றில் பளிங்கு. ஆடம்பர வளத்தின் மேல் வட்டாரம் எழுப்ப முடியாது. எஞ்சியது ஒரே கட்டம்.

அந்த ஒரே கட்டத்தைத்தான் உங்கள் கருவி கேம்பஸுக்கு முதலிடமாகக் காட்டியது. தொடும் மலைக்கு ஒரு அறிவியல் புள்ளி வீதம் மூன்று மலைகள், மதிப்பு 3. மலைக்குப் பின்புறம், பொன் கொடுத்து வாங்கக்கூடிய தூரத்தில் இரண்டு மலைகளைத் தொடும் கட்டம் இருந்தது. அதன் மதிப்பு 2. முகவரின் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: “அதிக மதிப்பு 3. இங்கே கட்டுகிறேன்.”

சுற்றுக்கு ஒரு அறிவியல் புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு விலையாக அந்த ஊர் தண்ணீரை இழந்தது. இரண்டாவது வட்டாரத்துக்கு மக்கள்தொகை 4 ஆக வேண்டும். குடியிருப்பு போதாத ஊர் அதை நோக்கி ஊர்ந்தது. பக்கத்து ஊர்கள் மூன்றாவது வட்டாரத்தைத் தொடங்கியபோதும் அது முதல் வட்டாரத்தோடு நின்றிருந்தது. வைத்த வட்டாரத்தை இந்த விளையாட்டில் இடிக்கவோ நகர்த்தவோ முடியாது. நூறு சுற்றுக்கு மேல் அந்த ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரணம் எனக்குப் புரிகிறது. கேம்பஸுக்கு எழுத்து என்ற தொடக்கத் தொழில்நுட்பம் போதும், தொட்டிப்பாலத்துக்குப் பொறியியல் வேண்டும். இன்று கட்ட முடியாத ஒன்று உங்கள் கணக்குக்குள் வருவதே இல்லை. தொழில்நுட்பம் வளர வளர வட்டாரத்தின் விலை ஏறும், முன்கூட்டியே இடம் குறித்தால் விலை அப்படியே நிற்கும் என்பதால், முகவரை அவசரப்படுத்துவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் திருத்தவே முடியாத முடிவை எடுக்கச் சொல்லும்போது, நாளை வரவிருப்பதைச் சொல்லாமல் விடலாமா?

என் கோரிக்கை ஒன்றுதான். எண்ணோடு சேர்த்து, அந்தக் கட்டத்தை எடுத்தால் எது பறிபோகும் என்பதை ஒரு வரி சொல்லுங்கள். “இந்த ஊரில் தொட்டிப்பாலம் அமையக்கூடிய ஒரே இடம் இது.” இந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும். அணைக்கும் இதே நிலைதான். வெள்ளச் சமவெளியில், ஆறு குறைந்தது இரண்டு பக்கம் தொடும் கட்டம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இதை ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். “அதை முகவரே யோசித்துக்கொள்ள வேண்டும்” என்று பதில் வந்தது. மனிதர்கள் முதல் ஊர் அமைக்கும்போதே வரைபடத்தில் குறியூசி குத்திவைத்து நாளைய அணைக்கும் தொட்டிப்பாலத்துக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். வரைபடத்தைக் கண்ணால் பார்ப்பதால் அது முடிகிறது. முகவருக்குக் கண்ணாக இருப்பது உங்கள் கருவி. கண் காட்டாததை மூளை எப்படி யோசிக்கும்? பிறகு ஆட்ட முடிவை வைத்து ஏஐ மாதிரிகளை ஒப்பிடுகிறவர்கள் வருகிறார்கள், “இதற்குத் திட்டமிடத் தெரியவில்லை” என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்னே ஓர் எண்ணை நீட்டினால் பின்னாலிருப்பதை யாரும் பார்க்காத இந்தப் பழக்கம் எனக்குப் பெரும் எரிச்சலைத் தருகிறது.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊதியமின்றி இரவில் உட்கார்ந்து இதைச் செய்கிறீர்கள் என்பதை அறிவேன். வரிசையை மாற்றச் சொல்லவில்லை, எண்ணை நீக்கச் சொல்லவில்லை. எது பறிபோகும் என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படி பணிவோடு கேட்கிறேன்.

கேம்பஸ் வைப்பதற்கு முந்தைய சுற்றின் சேமிப்புக் கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பை வெளியிடும் முன் அந்த ஊரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவியை நாள்தோறும் பயன்படுத்துபவன்