அலோன்சோ: திடலிலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு

ஐயா,

'பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்களாவது அரிது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சாபி அலோன்சோவின் கணக்கு வேறு. ஸ்பெயின் அணியுடன் 2010 கால்பந்து உலகக் கோப்பையை வென்றவர், ஓய்வுக்குப் பின் நேரே பெரிய கிளப்புக்குப் போகவில்லை. முதலில் ரியால் மாட்ரிட் சிறுவர் அணி, பிறகு 2019 முதல் 2022 வரை ரியால் சோசியடாட் கிளப்பின் இரண்டாம் நிலை அணியான 'பி' அணி. அந்த அணி 2021-ல் ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி, மறு ஆண்டே இறங்கியது. ரசிகர்கள் வசதியாக மறந்துவிடும் பகுதி இது!

2022 அக்டோபரில் அவர் பயிற்சியாளராக ஏற்றபோது, 18 அணிகள் ஆடும் ஜெர்மன் லீக்கில் லெவர்குசன் கிளப் 17-வது இடம். 2023-24-ல் 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி. லீக்கில் தோல்வியே இல்லை. அணி நின்ற விதம் இது: பின்னால் தடுப்பில் மூவர், நடுவில் ஷாக்கா உள்ளிட்ட இருவர், அவர்களுக்கு முன்னே விர்ட்ஸ் உள்ளிட்ட இருவர். இந்த நால்வரும் நடுப்பகுதியில் நெருங்கி நின்றதால் எதிரணியும் உள்ளே குவிந்தது. இடப்பக்கம் கிரிமால்டோவுக்கும் வலப்பக்கம் ஃப்ரிம்பாங்குக்கும் ஓரம் காலியானது.

இந்த ஆட்ட முறையை முறியடிக்கவும் வழி உண்டு. 2024 மே மாதம் டப்ளினில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் இறுதியில், இத்தாலியின் அட்டலாண்டா அணி திடல் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டி நின்றது. லெவர்குசனுக்கு நடுவில் பந்தை வாங்கித் திரும்ப இடமில்லை. அட்டலாண்டாவின் லுக்மன் மூன்று கோல் அடிக்க, 51 ஆட்டங்களாகத் தோற்காத அணி 0-3 எனத் தோற்றது. மூன்றே நாளில் அதே லெவர்குசன், ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி முதல் பாதியிலேயே பத்துப் பேராகிவிட்டும், கைசர்ஸ்லாடர்னை 1-0 என வென்று ஜெர்மன் கோப்பையைத் தூக்கியது.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து வாசகர்